தோசைக்கல்லும் தெப்பானும்: ஒரு ஜப்பானிய அடை பற்றிச் சில குறிப்புகள்

ஒரு பண்டத்தை மூன்று பேர் மூன்று விதமாக மொழிபெயர்த்ததிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது. இடம்: சென்னையில் ஏழெட்டு மேசைகளே உள்ள ஒரு ஜப்பானிய உணவகம். பண்டம்: ஒகோனோமியாக்கி. கரைத்த கோதுமை மாவு, முட்டை, மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், மேலே பன்றி இறைச்சித் துண்டுகள். இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுச் சுட்டு, கறுப்பாய் ஒரு சாஸ் தடவி, மயோனைஸ் கோடிழுத்து, கடற்பாசித் தூள் தூவி, காய்ந்த மீனின் சீவல்களை அள்ளிப் போட்டுத் தருகிறார்கள். மெனு அட்டை அதை ‘ஜப்பானிய பீட்ஸா’ என்றது. பக்கத்து மேசையில், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க உட்கார்ந்திருந்த ஒருவர் தன் கூட்டாளிகளுக்கு, “ஜாப்பனீஸ் ஊத்தப்பம், மச்சான்” என்று விளக்கினார். என்னைக் கூட்டிப்போன நண்பன், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஓர் ஆலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். கம்பெனி செலவில் ஆறு மாதம் ஹிரோஷிமாப் பக்கம் பயிற்சிக்குப் போய் வந்தவன். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னான்: “பீட்ஸாவும் இல்ல, ஊத்தாப்பமும் இல்லண்ணா. இது கொத்துபரோட்டா ஜாதி.”

‘ஜாதி’ என்கிற சொல் அவன் வாயில் வந்து விழுந்தது தற்செயல்தானா தெரியவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மொழிபெயர்ப்பு அப்பாவித்தனமான காரியமல்ல என்பது நமக்குப் பழகிப்போன வாதம். ஆனால் இலக்கியப் பிரதிகளுக்கு மட்டுமே அதைப் பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். ‘பீட்ஸா’ என்று சொன்னவுடன் பண்டம் விலைப்பட்டியலில் ஒரு படி மேலே ஏறுகிறது. ‘ஊத்தப்பம்’ என்று சொன்னால் வேறொன்று நடக்கிறது. அந்நியம் உள்ளூராக்கப்படுகிறது, ஆனால் எந்த உள்ளூர்? மாவு அரைத்து, புளிக்கவைத்து, வெங்காயம் தூவி, வாழையிலையில் வைத்த ‘ஹோட்டல்’ என்கிற உள்ளூர். பன்றி இறைச்சி இந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடுகிறது, கவனித்தீர்களா? ‘கொத்துபரோட்டா’வோ ராத்திரிப் பண்டம். ஷிப்ட் முடிந்தவன் தின்பது. நாக்கை வைத்துச் சொன்னால் ஊத்தப்பக்காரர் சொன்னதில்தான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒகோனோமியாக்கியின் ஓரம் மொறுமொறுப்பும் உள்ளே குழைவும் கொத்துபரோட்டாவில் கிடையாது. வரலாற்றை வைத்துச் சொன்னால் நண்பன் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி.

பெயரிலிருந்தே போகலாம். ‘ஒகோனோமி’ என்றால் உங்கள் விருப்பம். ‘யாக்கி’ என்றால் சுட்டது. விருப்பப்படி சுட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளுக்கு இந்த அர்த்தம் ரொம்பப் பிடித்துப்போய்விடுகிறது. நுகர்வோரின் தேர்வு, தனிமனித ருசி, என்ன வேண்டுமோ போட்டுக்கொள்ளலாம்... இந்தச் சொல்லாடலுக்கு ஒரு பண்டமே சாட்சி சொல்ல வந்த மாதிரி. ஆனால் இந்த ‘விருப்பம்’ எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், விருப்பத்துக்கு இடமே இல்லாத காலங்கள்தான் ஒவ்வொரு அடுக்கிலும் தட்டுப்படுகின்றன.

அதன் மூதாதை என்று 16ஆம் நூற்றாண்டின் ‘ஃபுனோயாக்கி’யைச் சொல்வார்கள். ஸென் நோ ரிக்யூவின் தேநீர்ச் சடங்குகளில் பரிமாறப்பட்ட மெல்லிய கோதுமைத் தோசை. எல்லாப் பண்டங்களுக்கும் இப்படி ஒரு மேட்டுக்குடிப் பாட்டனைத் தேடிப் பிடித்து நிறுத்திவிடுவது வழக்கம். நாம் அதை அங்கேயே விட்டுவிடலாம். எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது இன்னொரு மூதாதை. எடோ காலத்தின் கடைசியிலும் மெய்ஜி காலத்திலும் தெருக்களில் பிள்ளைகளுக்கு விற்ற ‘மொஜியாக்கி’. ‘மொஜி’ என்றால் எழுத்து. கரைத்த மாவால் சூடான கல்லில் எழுத்து எழுதி, அது வெந்ததும் பெயர்த்துத் தின்பது. டோக்கியோவின் ‘மொஞ்ஜாயாக்கி’க்கு அந்தப் பெயர் இதிலிருந்து வந்தது என்பது பொதுவான விளக்கம். எழுத்தைப் பற்றி நாம் தெரிதாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எவ்வளவோ பேசியிருக்கிறோம். எழுதிய மறுகணமே தின்று தீர்க்கப்படும் எழுத்து பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்து வந்தது ‘இஸ்ஸென் யோஷொகு’. ஒரு சென் காசுக்கு ஒரு மேல்நாட்டுத் தீனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதுமை மாவுக் கரைசலில் வெங்காயத் தாள் தூவிச் சுட்டு, மேலே வூஸ்டர் சாஸ் தடவி விற்றார்கள். அந்தச் சாஸ் ஒன்றுதான் அதில் ‘மேல்நாடு’. சாஸைத் துடைத்துவிட்டால் ஐரோப்பா போய்விடும். ஏழைப் பிள்ளை ஒரு சென் கொடுத்து வாங்கியது மாவை அல்ல, ஒரு குறிப்பானை என்று சொல்லலாம். இன்று நாம் ‘ஜப்பான்’ என்று அறுநூறு எழுநூறு கொடுத்து வாங்குகிற பண்டத்தின் தோலை உரித்தால் உள்ளே ‘மேல்நாடு’ என்று ஒரு சென்னுக்கு விற்ற பண்டம் இருக்கிறது.

பிறகு யுத்தம்.

1945 ஆகஸ்ட் 6-க்குப் பிறகான ஹிரோஷிமாவில் அரிசி இல்லை. இருந்தது இரும்பு. அது ராணுவ நகரம், கப்பல் கட்டும் நகரம். எரிந்த பட்டறைகளிலும் ஆலைகளிலும் இரும்புத் தகடுகள் கிடைத்தன. அமெரிக்க நிவாரணத்தில் கோதுமை மாவு வந்தது. தகட்டை அடுப்பில் ஏற்றி, மாவை மெல்லிசாக விரித்து, கிடைத்ததை அடுக்கினார்கள். வெங்காயத் தாள் விலை ஏறியபோது கோஸ் வந்தது. முளைப்பயறு வந்தது. பசிக்குப் போதாதபோது நூடுல்ஸும் முட்டையும் சேர்ந்தன. ஹிரோஷிமா வகை இப்படித்தான் அடுக்கடுக்காக ஆனது. ஒசாக்காவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து ஊற்றுவார்கள். ஹிரோஷிமாவின் பழைய கடைகள் பலவற்றின் பெயர் ‘-சான்’ என்று செல்லப் பெயரில் முடிகிறது. கணவனை இழந்த பெண்கள் வீட்டு முகப்பிலேயே கல் போட்டு உட்கார்ந்தார்கள், காணாமல் போனவர்கள் திரும்பி வந்தால் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று தங்கள் பெயரையே வைத்தார்கள் என்று அங்கே ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அந்த ஊர்க் கம்பெனியான ஒட்டாஃபுக்கு 1952-ல் இதற்கென்றே கெட்டியான ஒரு சாஸைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதில் பேரீச்சம்பழம் சேர்க்கிறார்கள். தின்கிறவர்களுக்கு அரேபியா ஞாபகம் வருவதில்லை.

ஆக, ‘உங்கள் விருப்பம்’ என்றால் என்ன அர்த்தம்? இருப்பது இவ்வளவுதான், இதில் உனக்கு எது வேணும் சொல்லு என்று அர்த்தம்.

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ருசியில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. அரிசிச் சோற்றைத் தவிர வேறெதையும் சோறு என்று ஒப்புக்கொள்ளாதவன் கோதுமையின் முகத்தில் விழிக்க வேண்டியதாயிற்று. ரவா இட்லி அந்த அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான் என்று பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்களே சொல்லிவருகிறார்கள். அதே வருடங்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதையில் ஆயிரமாயிரமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிற தமிழ் எழுத்துகளில் இந்த ரயில்பாதை அதிகம் வருவதில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது மூட்டை அமெரிக்காவிலிருந்து வந்தது. பி.எல்.480 என்று சொன்னால் ஐம்பது தாண்டியவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் உபரித் தானியத்தை நட்பு நாடுகளின் தலையில் கட்டுவதற்கான 1954ஆம் வருடச் சட்டம். ஜப்பானும் வாங்கியது, இந்தியா 1956-ல் கையெழுத்திட்டது. ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் பால்பவுடரும். 1956-லிருந்து அமெரிக்கப் பணத்தில் ‘சமையல் கார்’கள் கிராமம் கிராமமாகப் போய்க் கோதுமைச் சமையல் செய்து காட்டின. இங்கே காமராஜர் காலத்து மதிய உணவுக்கு, 1960களில், ‘கேர்’ நிறுவனத்தின் கோதுமை ரவையும் பால்பவுடரும் எண்ணெய் டின்னும். அந்த டின்களில் எங்கள் தெருவில் துளசிச் செடி வைத்திருந்தார்கள். அரிசிப் பஞ்சம் ஓர் ஆட்சியையே கவிழ்த்தது. ரூபாய்க்கு மூன்று படி என்று சொன்னவர்கள் 1967-ல் ஜெயித்தார்கள். அரசியல் மேடையில் அரிசி கோலோச்சிக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால், ரோட்டோரத்தில், மைதா சத்தமில்லாமல் கல்லேறியது. இன்று ராத்திரி பத்து மணிக்குமேல் தமிழ்நாட்டின் எந்தச் சாலையில் நின்றாலும் கிடைப்பது சோறல்ல, பரோட்டா. இலங்கையிலும் இதே கதைதான். மலையகத் தோட்டங்களில் ரேஷன் மா ரொட்டியானது. 1980-ல் திருகோணமலையில் ப்ரிமா மாவாலை வந்தது. கொத்துரொட்டியின் தகரச் சத்தம் இல்லாத நகரம் அங்கே கிடையாது.

ஹிரோஷிமா, கும்மிடிப்பூண்டி, திருகோணமலை. மூன்று இடத்தின் கல்லிலும் விழுந்தது ஒரே சரக்கு. நண்பனுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. கை சொல்லியிருக்கிறது.

சுசுமு ஓனோவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று இருபது முப்பது வருடம் வாதாடியவர். பொற்கோ, சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் போன்றவர்களோடு சேர்ந்து வேர்ச்சொற்களையும் பொங்கல் சடங்குகளையும் ஒப்பிட்டவர். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நம் மேடைகள் கைதட்டி ஏற்றுக்கொண்டன. ஒகோனோமியாக்கியைத் திருப்புகிற தட்டைக் கரண்டிக்கு ஒசாக்காப் பக்கம் ‘கொத்தே’ என்று பெயர். கொத்தனார் பூசுகிற கரண்டிக்கும் அதுதான் பெயர். கொத்தே, கொத்து, கொத்தனார்... தயவுசெய்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். ரத்த உறவைத் தேடிப்போகிறவர்கள் சோற்று உறவைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சோற்று உறவுக்கு ஓர் உதாரணம். பண்டத்தின் மேலே போடுகிற மீன் சீவல், ‘கட்ஸுவோபுஷி’, சூட்டில் நெளிந்து நெளிந்து ஆடும். முதன்முதலாகப் பார்த்தபோது உயிரோடு இருக்கிறது என்று பயந்துவிட்டதாக நண்பன் சொன்னான். அவன் கொண்டுவந்திருந்த ஒரு பொட்டலத்தைக் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மாவிடம் காட்டினேன். (தமிழ்நாட்டின் பெரிய ஈழ அகதி முகாம்களில் ஒன்று அது. பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற தலைமுறை இன்னும் ‘முகாம்’வாசிகள்தான்.) மோந்து பார்த்தார். “தம்பி, இது மாசிக் கருவாடெல்லோ. எங்கட வீட்டில அம்மியில இடிச்சுச் சம்பலுக்குப் போடுவம். இவங்கள் என்னெண்டு இப்பிடித் தாள் மாதிரிச் சீவினவங்கள்?” அதேதான். ஒரே சூரை மீன். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்துக் கட்டையாக்குகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா அதைத் தின்று எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானில் புகைபோட்டபின் பூஞ்சையும் ஏற்றுவார்கள், பிறகு இழைப்புளியில் சீவுவார்கள். இந்த அம்மாவுக்கு அது அந்நிய உணவே அல்ல. சென்னை உணவகத்தில் ‘உமாமி’ என்று பயபக்தியோடு பேசப்படுகிற சமாச்சாரம், கும்மிடிப்பூண்டியில் ஒரு பத்தடிக்குப் பத்தடி அறையில் வீட்டு ஞாபகம்.

இந்த இடத்தில் ரோலான் பார்த் வந்தாக வேண்டும். ஜப்பான், உணவு, குறி என்று மூன்று சொற்களைச் சேர்த்துச் சொன்னாலே ‘குறிகளின் பேரரசு’ (1970) மேசைக்கு வந்துவிடுகிறது. ஜப்பானிய உணவுக்கு மையம் இல்லை, தட்டு ஒரு ஓவியப் பலகை, குச்சி உணவைக் குத்துவதில்லை, கண்முன்னாலேயே பச்சையிலிருந்து வெந்ததுக்கு நகரும் சுகியாக்கி, வெறும் காற்றாகிவிட்ட டெம்புரா... நாமெல்லாம் அதைப் படித்துக் கிறங்கியவர்கள்தான். தான் எழுதுவது நிஜ ஜப்பானை அல்ல, தானே கற்பித்துக்கொண்ட ஓர் அமைப்பை என்று அவரே முதலில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். சரி. ஆனால் அந்த அமைப்புக்குள் எது நுழைய முடிந்தது, எது நுழையவில்லை? ஒகோனோமியாக்கி நுழையவில்லை. நுழைந்திருக்கவும் முடியாது. அது கனமானது, பிசுபிசுப்பானது, ஒன்றன்மேல் ஒன்று அப்பியது. சாஸ் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இடைவெளியின் அழகியல் பேசுகிறவருக்கு இதில் இடைவெளியே கிடையாது. அவர் போன 1960களின் ஜப்பான் உலகத்துக்கே எஃகும் கப்பலும் செய்துகொண்டிருந்த தேசம். புத்தகத்தில் ஆலைச் சங்கு ஒன்றுகூட ஊதுவதில்லை. பார்த்தின் ஜப்பானில் யாருக்கும் ஷிப்ட் இல்லை.

கல்லுக்கு வருவோம். தெப்பான் என்றால் இரும்புத் தகடு. ஜப்பானியன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். நாம் இரும்பைப் போட்டுக்கொண்டு இன்னும் ‘கல்’ என்றுதான் சொல்கிறோம். பொருள் மாறியபின்னும் பெயரில் தங்கிவிட்ட பழைய தடம். அது கிடக்கட்டும். என் கேள்வி, கல் எங்கே இருக்கிறது? உள்ளேயா, வெளியேயா?

நம்முடைய ‘ஹோட்டல்’ வரலாற்றில் கல் உள்ளே இருந்தது. யார் சமைக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெயர்ப்பலகை சொல்லிவிடும். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்கிற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். அந்தப் போராட்டம் ஒரு சொல்லைப் பற்றியது மட்டுமல்ல. அந்தச் சொல் யாருக்கும் தெரியாமல் காத்துக்கொண்டிருந்த உள் அடுப்பைப் பற்றியது. பரோட்டாக் கடை இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. கல்லைத் தூக்கி ரோட்டைப் பார்த்து வைத்தது. அடிக்கிற கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் நிற்கிறார்கள். சமூக சீர்திருத்தத்துக்காக யாரும் அப்படி வைக்கவில்லை, வாசனைக்கு ஆள் வரும் என்று வைத்தார்கள். இருந்தாலும் வைத்தார்கள்.

ஹிரோஷிமாக் கல் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அங்கே தட்டே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. கல்லைச் சுற்றி உட்கார்ந்து, சின்னத் தகட்டுக் கரண்டியால் வெட்டி, கல்லிலிருந்தே எடுத்து வாயில் வைப்பார்கள். சமைக்கிற இடமும் உண்கிற இடமும் ஒன்று. எச்சில், பத்து என்கிற நம் ஒழுங்கே இந்த இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் நிற்கிறது. சட்டியை வழித்துத் தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று மிரட்டியே வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

நண்பன் சொன்னதை அவன் பேச்சிலேயே தருகிறேன்: “மொத நாளு எனக்குக் கையே வர்லண்ணா. கல்லுலேர்ந்தே எட்த்து துன்றாங்கோ. இந்தாண்ட எங்க சூப்பர்வைசரு, அந்தாண்ட யாரோ ஒரு கிழவி, நடுவுல நானு. ஒரே கல்லு. எங்கப்பாவுக்கு ஊர்ல டீக்கடைல தனி கிளாசு. அவரே குடிச்சுட்டு அவரே கழுவி அவரே கவுக்கணும். நான் சின்னப் பையன், பாத்துகினே நிப்பேன். அன்னிக்கி அந்தக் கல்லாண்ட ஒக்காந்துகினு அதான் நெனப்பு வந்துச்சு. ஒரு மாரி ஆயிடுச்சுண்ணா. கெழவி, காரம் ஜாஸ்தியான்னு கேக்குது சைகைல.”

‘ஜாதி’ என்ற சொல் முதல் பத்தியில் விழுந்ததன் பின்னணி இது.

இதை அப்படியே வைத்து, ‘பார், ஜப்பானில் சமத்துவம்’ என்று முடித்துவிடலாம். நேர்மையாக இருக்காது. ‘புராக்குமின்’ பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நான்தான் சொன்னேன். தோல், இறைச்சி, பிணம் இவற்றோடு தொழில்பட்டதற்காகத் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டவர்கள். 1871-ல் அரசு ஆணை அவர்களைச் சட்டப்படி ‘விடுவித்தது’. கல்யாணத்திலும் வேலையிலும் விலக்கு தொடர்ந்தது. மாட்டுக் குடலைக் கொழுப்பு வடிய வறுத்தெடுத்த ‘அபுராகாஸு’ அவர்களுடைய உணவு. ஒசாக்காப் பக்கம் நூடுல்ஸ் சூப்பிலும் இந்த அடையிலும் இன்று ஊர் ருசியாகப் போடுகிறார்கள். அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று மெனுவில் போடுவதில்லை. கேட்டுவிட்டு நண்பன் கொஞ்சநேரம் பேசவில்லை. “அங்கியுமா?” என்றான். பிறகு, “ஆனா அந்தக் கல்லுல நான் துன்னது நெசம்தானேண்ணா?” என்றான். நெசம்தான். விமர்சனம் செய்கிறவனுக்கு அந்த நிஜத்தைப் பறித்துக்கொள்ளும் அதிகாரம் இல்லை.

விஷயம் சிக்கலாவது அவன் ஊர் திரும்பிய பிறகு. நாம் சிறுபத்திரிகைகளில் பின்நவீனத்துவச் சண்டை போட்டுக்கொண்டிருந்த 1998-ல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை மிட்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது. அந்தக் கார் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. இப்போது கும்மிடிப்பூண்டி வட்டத்தில் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்துகிற தொழிற்பூங்கா. அங்கே 1,891 கோடி ரூபாயில் ஏ.சி. மெஷினும் கம்ப்ரசரும் செய்ய 2023 மே மாதம் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ‘ஜப்பான்’ என்பது இந்தப் பிரதேசத்துக்கு இனி தூரதேசமல்ல, பஸ் ஸ்டாப். நண்பன் வேலை செய்கிற ஆலை இவற்றில் எதுவும் இல்லை, பெயர் வேண்டாம். ஹிரோஷிமாவில் அவனோடு ஒரே கல்லில் தின்ற அதே சூப்பர்வைசர் இங்கே வந்து ஒரு வருடம் இருந்தார். “இங்க அவுருக்கு ஏ.சி. ரூம்ல தனி சாப்பாடுண்ணா. மெட்ராஸ்லேர்ந்து டப்பால வரும். எனக்கு பெர்மனென்ட் கேன்டீனு. கான்ட்ராக்ட் பசங்க, ஒரியா பசங்கல்லாம், எங்களுக்கு அப்பறம் மூணாவது பந்தி. ஒரு தபா அவுரே எங்க டேபிளாண்ட தட்டு எட்த்துகினு வந்தாரு. எச்.ஆர். ஓடியாந்து கூட்டினு பூட்டான்.”

அந்த எச்.ஆர். நம்ம ஆள். ஜப்பான்காரன் பந்தி பிரிக்கக் கற்றுக்கொண்டு வரவில்லை. பந்தி பிரித்துத் தயாராக வைத்திருந்தோம், முதல் வரிசையில் அவருக்கு இடம் காட்டினோம். மூலதனம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்பியவர்களும், மூலதனம் வந்துதான் பண்பாடு கெட்டது என்கிறவர்களும் இந்தக் கேன்டீனில் ஒருவேளை உட்கார்ந்து பார்க்கலாம். சென்னை உணவகத்தின் ‘உங்கள் விருப்பம்’ இந்த மூன்று பந்திகளுக்கு வெளியே, ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியைத் தட்டுக்கு விலையாக வைத்துக்கொண்டு, சாவகாசமாக நடக்கிறது. அங்கே கல் மேசையில் பதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதில் அடுப்பு இல்லை. அலங்காரம். பண்டம் உள்ளேயிருந்துதான் வந்தது. கல் மறுபடி உள்ளே போய்விட்டது!

கும்மிடிப்பூண்டிக்கு நிஜமான ஜோடி ஊரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் ஹிரோஷிமாவைக்கூடச் சொல்லமாட்டேன், கோபே நகரத்தின் நகாதாவைச் சொல்வேன். ரப்பர் செருப்பு, செயற்கைத் தோல் செருப்புப் பட்டறைகள் நெருக்கியடித்த பகுதி. கொரியாவிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. மாட்டு நரம்புக் கறியை வேகவைத்து ஒகோனோமியாக்கியில் போடுவது அந்தப் பகுதியின் பழக்கம். அங்கே ‘சோபாமேஷி’ என்று ஒரு பண்டம். சோபா நூடுல்ஸ், மேஷி சோறு. 1950களில் பட்டறைத் தொழிலாளிகள் டப்பாவில் ஆறிப்போன சோற்றைக் கொண்டுவந்து, இதையும் நூடுல்ஸோடு போட்டுக் கல்லில் சூடாக்கிக் கொடு என்று கேட்டதில் பிறந்ததாம். இரண்டு தகட்டுக் கரண்டிகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, சோறும் நூடுல்ஸும் பொடியாகும்வரை கல்லில் கொத்தி எடுப்பார்கள். சத்தத்தைக் கேட்டால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. மீந்ததைக் கொத்துவதும் ஆறினதைக் கொத்துவதும் எந்தச் சமையல் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. பிந்தி வருகிறவனுக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்பதிலிருந்து வந்தது. 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் நகாதா தீப்பிடித்து எரிந்தது. பிழைத்தவர்களில் சிலர் திரும்பவும் கல் போட்டார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபின் ஒருநாள், ராத்திரி பதினொன்றரைக்கு, ஜி.என்.டி. ரோட்டோரக் கடையில் நண்பனோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது ஷிப்ட் விட்ட நேரம். தமிழ், தெலுங்கு, ஒரியா, ஹிந்தி எல்லாம் ஒரே கல்லைச் சுற்றி. மாஸ்டர் இரண்டு கையிலும் கொத்திக்கொண்டிருந்தார். நண்பன் திடீரென்று, “மாஸ்டர், கொத்துல கோஸ் போடுங்களேன்” என்றான்.

“கோஸு தண்ணி உடும்பா. கல்லு சூடு எறங்கிடும். பின்னாடி நிக்கிறவனுக்கு யாரு பதில் சொல்றது?”

“மேல மாவு ஊத்தி மூடிட்டு அப்டியே கவுத்துப் போட்டா தண்ணி உள்ளியே வெந்துடும் மாஸ்டர். அங்க அப்டித்தான் செய்றாங்கோ.” கையால் கவிழ்த்துக் காட்டினான்.

மாஸ்டர் கொத்துவதை நிறுத்தவில்லை. நாலைந்து பேருக்குக் கட்டிக் கொடுத்து முடித்தபின், கரண்டியைக் கல்லில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்:

“நாளைக்கி ஆறு மணிக்கு முன்னால வா. கோஸு நீயே வாங்கினு வந்துடு. கல்லு சும்மாதான் கெடக்கும்.”